அதே டீசல் தானே, பிஎஸ் 6 வந்ததும் மைலேஜ் எங்க போச்சு? ஜெர்மனில 5ங்குறான், அமெரிக்காவுல 40ங்குறான்

வில்லாபுரத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போற ஆளு, இன்னைக்குத்தான் எழுதுறேன், நீளமாப் போனா கோவிச்சுக்காதீங்க.

நம்மகிட்ட 2017 ஆகஸ்ட்ல எடுத்த டீசல் ஹாட்ச்பேக் ஒண்ணு இருந்துச்சு, பிஎஸ் 4 (பிஎஸ்ங்குறது நம்ம நாட்டுப் புகைச் சட்டம், நம்பர் ஏற ஏறக் கறார்). கண்ணை மூடிக்கிட்டு லிட்டருக்கு 22 கிலோமீட்டர் குடுக்கும். ஒரு லட்சத்து நாப்பதாயிரம் ஓடுச்சு, ஒரு நாள் நடுரோட்டுல நிறுத்துனது கிடையாது, இப்ப தங்கச்சி வீட்டுல ஓடுது. அதை நம்பி 2023 டிசம்பர்ல திரும்பவும் டீசலே எடுத்தேன், சின்ன எஸ்யூவி, பிஎஸ் 6 ரெண்டாம் கட்டம், புகையச் சுத்தம் பண்ண யூரியா டேங்க் எல்லாம் வச்சது. இது 16க்கு மேல ஏற மாட்டேங்குது, சில வாரம் 14க்குப் போயிருது. ஷோரூம்ல கேட்டா ஓட்டுறதப் பொறுத்து சார்ங்குறாங்க, 20 வருசமா வண்டி ஓட்டுறவன்ட்ட!! போன மாசம் மஞ்சக் கலர்ல ஒரு ஃபில்டர் லைட் வேற எரிஞ்சுச்சு, அப்பறம் தானா அணைஞ்சுருச்சு.

சித்தப்பா பையன் ஜெர்மனில இருக்கான், அவன் டீசல் வண்டி நூறு கிலோமீட்டருக்கு 5 லிட்டர் தான் குடிக்குதாம். மச்சினன் அமெரிக்காவுல பழைய டீசல் ஒண்ணு வச்சுருக்கான், நமக்கு 40 வருது மாமான்னு நக்கல் பண்றான். அங்கிட்டெல்லாம் புகைச் சட்டம் நம்மள விடக் கறார்னு தான் சொல்றாங்க, அப்ப அவங்களுக்கு மட்டும் எப்புடிக் குடுக்குது? நமக்கு மட்டும் சட்டத்தப் போட்டு டீசலக் குடிக்க வைக்கிறாய்ங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓட்டம்: தினமும் வில்லாபுரத்துலருந்து கீழவாசல் கடைக்கு, போக நாலு வர நாலு. மாசத்துக்கு ஒருக்கா எங்கயாச்சும் வெளியூர்.


மேலூர் ரோடு ஷெட்:

அண்ணே கடைசி வரில நீங்களே பதிலச் சொல்லிட்டீங்க. நாலு கிலோமீட்டர். அதுவும் கீழவாசல் ட்ராஃபிக்ல. அந்த வண்டி ஒரு நாளாச்சும் முழுசா சூடாகியிருக்குமா?

நான் பத்துப் பதினஞ்சு வருசமா டீசல் மட்டுமே பாக்குறவன், வெவரமாச் சொல்றேன். டீசல் இஞ்சின்ல உள்ள எரியுற சூடு எவ்வளவு கூடவோ அவ்வளவு மைலேஜ் நல்லா வரும். ஆனா அந்த சூட்டுலதான், ஒரு 1500 டிகிரிக்கு மேல போச்சுன்னா, காத்துல இருக்குற நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒண்ணாச் சேந்து நாக்ஸ்னு ஒரு வாயு ஆகுது, நெஞ்சுக்குக் கெடுதல். சரி சூட்டக் கொறைப்போம்னு ஈஜிஆர் வால்வு வச்சு எரிஞ்ச புகையில கொஞ்சத்தத் திரும்ப உள்ளயே விட்டா நாக்ஸ் குறையும், ஆனா சரியா எரியாம கரி கூடும். கரியக் கொறைக்கப் பாத்தா நாக்ஸ் ஏறும், நாக்ஸக் கொறைக்கப் பாத்தா கரி ஏறும். இந்தப் பக்கம் அமுக்குனா அந்தப் பக்கம் பொடைக்கிற தலகாணி மாதிரி. டீசல்காரன் பொழப்பே இதுதான்.

உங்க பழைய பிஎஸ் 4ல நாக்ஸ் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் வரைக்கும் விடலாம், கரித்துகள் 25 மில்லிகிராம். பிஎஸ் 6ல நாக்ஸ் 80, கரி 4.5. அதுபோக துகளோட எண்ணிக்கைக்கும் ஒரு கணக்கு இருக்கு. இதுக்காகத்தான் சைலன்சர் லைன்ல டிபிஎஃப் வச்சாங்க, கரியப் புடிச்சு வைக்கிற வடிகட்டி. புடிச்ச கரிய எங்க கொட்டுறது? அங்கயே எரிக்கணும், அதுக்கு 600 டிகிரி கிட்ட வேணும். பைபாஸ்ல 80, 90ல போறவனுக்கு புகையே நல்லா சூடா இருக்கும், கரி பாதி தானாவே எரிஞ்சுரும். உங்கள மாதிரி நாலு கிலோமீட்டர் ஓட்டம்னா வண்டியே கூடுதலா டீசல அடிச்சு சூடு பண்ணி எரிக்கும், ரீஜென்னு சொல்றது. அந்த டீசல் வண்டிய ஓட்டல, அடுப்புக்குப் போகுது. அது பாதி எரிஞ்சுட்டு இருக்கும்போதே நீங்க கடை வந்துருச்சுன்னு சாவிய அணைச்சுருவீங்க. மறுநாள் திரும்ப முதல்லருந்து. மறுநாளும் அதே கதை. 14 எப்புடி வருதுன்னு இப்பத் தெரியுதா.

எப்ப நடக்குதுன்னு பாக்க: நின்னுட்டு இருக்கும்போது ஆர்பிஎம் வழக்கத்த விட ஏறி நிக்கும், வண்டிய அணைச்ச பெறகும் முன்னாடி ஃபேன் கர்ருன்னு சுத்தும், டிஸ்ப்ளேல அந்த நேர மைலேஜ் தொபுக்குன்னு விழும். அப்ப அணைக்காதீங்க, ரிங் ரோட்டுல ஏத்தி பாண்டி கோயில் வரைக்கும் ஒரு இருவது நிமிசம் சீரா ஓட்டிட்டு வாங்க, ரெண்டாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழ விடாம.

இன்னொண்ணு, ஆயில் டிப்ஸ்டிக் எடுத்துப் பாருங்க. மேக்கோட்டத் தாண்டி ஏறியிருந்தா அரைகொறை ரீஜென்ல அடிச்ச டீசல் ஆயில்ல இறங்கியிருக்குன்னு அர்த்தம். ஆயில் குறையலயே நல்லதுதானேன்னு விட்டுறாதீங்க, நம்ம ஷெட்டுக்கே அப்புடி விட்டு டர்போ போயி வந்த வண்டி ரெண்டு இருக்கு.


சிம்மக்கல் சிங்கம்:

அண்ணே நீங்க ஹாட்ச்பேக்கையும் எஸ்யூவியையும் பக்கத்துல நிறுத்தி பிஎஸ் 6 மேல பழிய போடுறீங்க. பழசு ஒரு டன் சொச்சம் இருக்கும், புதுசு 1300 கிலோவுக்குக் குறையாது. உயரம் வேற, டயர் வேற அகலம். ஆட்டோமேட்டிக்கா மேனுவலா அதையும் சொல்லல.

சட்டம் ஒண்ணே இருந்தாலும் மைலேஜ் மாறும்ங்குறதுக்கு ஸ்விஃப்ட் டீசலே சாட்சி. 2011ல கம்பெனி சொன்னது 22.9. 2014ல 25.2. 2018ல வந்த புது மாடல்ல 28.4. மூணுமே பிஎஸ் 4 தான், மூணும் அதே 1.3 இஞ்சின் தான் (ஃபியட்கிட்டருந்து வந்து பாதி இந்தியாவே ஓட்டுன இஞ்சின், 2020 ஏப்ரலோட மாருதி டீசலயே மூடிட்டாங்க, அது தனிச் சோகம்). சட்டம் மாறாமயே அஞ்சரை கிலோமீட்டர் ஏறிருச்சு, எடை குறைஞ்சது, ட்யூனிங் மாறுனதுன்னு. அதனால எடைய விட்டுட்டு பேசாதீங்க.


வில்லாபுரத்தான்:

மேனுவல் தான் தம்பி. எடை விசயம் சரிதான், அத யோசிக்கல. ஆனா 22ல இருந்து 16க்கு எடை மட்டுமே காரணமா இருக்குமா??

ஷெட் அண்ணே, டிப்ஸ்டிக் நாளைக்குப் பாக்குறேன். இப்பவே வயித்தக் கலக்குது.


நாகமலைக்காரன் (ஸ்டுட்கார்ட்):

சொந்த ஊர் நாகமலை புதுக்கோட்டை, இப்ப ஸ்டுட்கார்ட். உங்க சித்தப்பா பையன் பொய் சொல்லல, ஆனா 5 லிட்டருக்கு நூறுன்னா நம்ம கணக்குல லிட்டருக்கு 20. அவ்வளவுதான். அவரு ஆட்டோபான்ல தினம் 40, 50 கிலோமீட்டர் ஓட்டுறவரா இருப்பாரு, இங்க டீசல் வாங்குறவன் முக்கால்வாசி அப்புடித்தான், ஊருக்குள்ள சுத்துறவன் டீசல் பக்கமே போக மாட்டான். உங்க வண்டியையும் அந்த மாதிரி ஓட்டிப் பாத்துட்டு அப்பறம் சண்டைக்குப் போங்க.

ஐரோப்பாவுல டீசல் எப்புடி வளந்துச்சுன்னு தெரிஞ்சா இந்தக் குழப்பம் பாதி தீரும். டீசல் லிட்டருக்கு பெட்ரோல விட எனர்ஜி கூட, இஞ்சினும் சிக்கனம், அதனால கார்பன் டை ஆக்சைடு கணக்குல டீசல் நல்ல பிள்ளை. பிரிட்டன்ல 2001லருந்து கார் வரியே கார்பன் கணக்குல போட ஆரம்பிச்சாங்க, சனம் டீசலுக்குத் தாவுச்சு. அதே சமயம் நாக்ஸ்ல டீசலுக்கு சலுகை. யூரோ 5ல (நம்ம பிஎஸ் மாதிரி ஐரோப்பாவோட புகைச் சட்டம்) பெட்ரோல் 60 மில்லிகிராம் தான் விடலாம், டீசல் 180 விடலாம், மூணு மடங்கு! யூரோ 6ல தான் 80க்கு இறக்குனாங்க. ஒரு கையில மைலேஜுக்குப் பரிசு, இன்னொரு கையில நாக்ஸுக்கு மன்னிப்பு. 2015ல மேற்கு ஐரோப்பாவுல வித்த புதுக் கார்ல பாதிக்கு மேல டீசல். இப்ப பத்துல ஒண்ணு தேறுனா பெருசு.

அடுத்தது டெஸ்ட். கம்பெனிக்காரன் சொல்ற நம்பர் ரோட்டுல எடுத்தது இல்ல, ரோலர் மேல வண்டிய நிறுத்தி ஓட்டுறது. முன்னாடி என்இடிசின்னு ஒண்ணு, பைய்ய ஏறி பைய்ய இறங்கும், ஏசி கிடையாது, உச்ச வேகம் 120. நம்ம ஊர்ல அதையே கொஞ்சம் மாத்தி உச்சத்த 90ஆக் குறைச்சு வச்சுருக்காங்க, எம்ஐடிசின்னு பேரு. அந்த 28.4 எல்லாம் அதுல வந்ததுதான். ஐசிசிடின்னு ஒரு ஆராய்ச்சி அமைப்பு கணக்கு போட்டாங்க, ஐரோப்பாவுல கம்பெனி சொன்னதுக்கும் ரோட்டுல குடிச்சதுக்கும் வித்தியாசம் 2001ல 9 சதவீதம் கிட்ட இருந்தது 2015ல 40ஐத் தாண்டிருச்சு. கார் மாறுனதா, பரீட்சைக்கு மட்டும் படிக்கக் கத்துக்கிட்டதா? 2017 செப்டம்பர்லருந்து புது மாடலுக்கெல்லாம் டபிள்யூஎல்டிபின்னு வேற டெஸ்ட், கொஞ்சம் நெஜத்துக்குப் பக்கம். அதோட வண்டி பின்னாடி கருவியக் கட்டி ரோட்டுலயே ஓட்டி புகைய அளக்குற ஆர்டிஇயும் வந்துச்சு. உங்க வண்டி 2023 மாடல்னா நம்ம ஊர்லயும் அந்த ஆர்டிஇ சட்டத்துக்குள்ள வந்தது தான், அதனாலதான் யூரியா டேங்க்.

எங்க ஊர்ல 2019 ஜனவரிலருந்து யூரோ 4ம் அதுக்குக் கீழயும் இருக்குற டீசல் உள்ளயே வரக்கூடாதுன்னுட்டாங்க. கார் பிறந்த ஊர்லயே டீசலுக்கு இந்த கதி. லண்டன்ல யூரோ 6க்குக் கீழ டீசல்னா ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட் கட்டணும், 2023 ஆகஸ்ட்லருந்து மொத்த லண்டனுக்கும். அங்க மைலேஜ் எவ்வளவுன்னு யாரு கேக்குறா, உள்ள விடுவானாங்குறது தான் கேள்வி.


கப்பலூர் லாரி:

படிச்சவங்க எல்லாம் பேசுறீங்க, நான் லாரிக்காரன், ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். பிஎஸ் 6 வந்தா மைலேஜ் போகும்ங்குறது எல்லா வண்டிக்கும் செல்லாது. எங்ககிட்ட பழைய பிஎஸ் 3 வண்டி தூத்துக்குடி லோடுக்கு லிட்டருக்கு 4.2 கிலோமீட்டர் குடுத்துச்சு. அதே லோடு அதே ரூட்டு பிஎஸ் 6 வண்டி 4.5. யூரியா ஊத்துறோம், நூறு லிட்டர் டீசலுக்கு நாலுலருந்து அஞ்சு லிட்டர் போகும், அதையும் சேத்தாலும் எனக்கு மிச்சம் தான். செலவு வேற பக்கம், சென்சார் போனா வாங்குற விலைல ஒரு ஆடு வாங்கலாம்.

ஒரே ஒரு கெஞ்சல். நம்ம பக்கத்து ஆளு ஒருத்தன் வயலுக்குப் போடுற யூரியாவ தண்ணில கரைச்சு டேங்க்ல ஊத்திட்டான், வண்டி யூரியா 32 சதவீதக் கரைசல் தானே, நானே கலக்கிக்கிறேன்னு. உப்பு மாதிரி வெள்ளையாக் கட்டி பம்ப், நாசில் எல்லாம் போச்சு. வண்டிக்கு ஊத்துற யூரியா வேற சுத்தம், கூட சேக்குற தண்ணியும் வேற. செஞ்சுறாதீங்கய்யா.


மேலூர் ரோடு ஷெட்:

லாரி அண்ணன் சொன்னதுதான் பாயிண்டே, நான் முன்னாடி சொல்லாம விட்டுட்டேன்.

நாக்ஸக் குறைக்க ரெண்டு மூணு வழி இருக்கு. ஒண்ணு ஈஜிஆர் நிறைய விட்டு இஞ்சினையே மட்டுப்படுத்துறது, மைலேஜும் கொஞ்சம் மட்டுப்படும். ரெண்டாவது எல்என்டி, சைலன்சர்ல நாக்ஸப் புடிச்சு வைக்கிற பொறி. அது நெறஞ்சதும் கழுவணும், அதுக்கு கொஞ்ச நேரம் டீசலக் கூட்டி அடிக்கணும். டீசல்ல கந்தகம் இருந்தா அதுவும் அங்க போய் உக்காந்துக்கும், அத விரட்ட இன்னும் சூடு இன்னும் டீசல். அதனாலதான் பிஎஸ் 6 வண்டிக்கு முன்னாடியே டீசல மாத்துனாங்க, பிஎஸ் 4 டீசல்ல கந்தகம் 50 பிபிஎம் (பத்து லட்சத்துல 50 பங்கு), பிஎஸ் 6ல 10. யூரியா இல்லாத சின்ன பிஎஸ் 6 டீசல் வந்துச்சுல 2020ல, அதுல கொஞ்சம் இந்த எல்என்டி தான்.

மூணாவது எஸ்சிஆர், யூரியா. இதுல இஞ்சின நல்லா சூடா, மைலேஜுக்குத் தோதா எரிய விட்டுறலாம், நாக்ஸ் எவ்வளவு வந்தாலும் வெளிய போறப்ப யூரியாவ அடிச்சு தண்ணியாவும் நைட்ரஜனாவும் மாத்திரும். அதாவது டீசலுக்குப் பதிலா யூரியா செலவாகுது. லாரிக்கு மைலேஜ் ஏறுனது இதனாலதான். ஆனா எஸ்சிஆருக்கும் சூடு வேணும், ஒரு 200 டிகிரியாச்சும் புகையில இருந்தாத்தான் ஒழுங்கா வேல செய்யும். லாரி நாள் முழுக்க சூடா ஓடுது. வில்லாபுரத்து அண்ணன் வண்டி காலைல பால் வாங்கப் போற மாதிரி ஓடுது. ஒரே சட்டம், ஒருத்தருக்கு லாபம் ஒருத்தருக்கு நட்டம்.

யூரியா தீந்துட்டா என்ன ஆகும்னு யாரும் கேக்கல, நானே சொல்றேன்: இத்தன கிலோமீட்டர் தான் ஓடும்னு டிஸ்ப்ளேல எண்ண ஆரம்பிக்கும், பூஜ்யத்துக்கு வந்து வண்டிய ஒருக்கா அணைச்சா திரும்ப ஸ்டார்ட் ஆகாது. கொடைக்கானல்லருந்து போன் பண்ணி அழுத ஆளு இருக்காரு.


தெப்பக்குளம் டர்போ:

பேசாம டிபிஎஃப்ப வெட்டி எடுத்துட்டு இஞ்சின் கம்ப்யூட்டர்ல வேற மேப் (செட்டிங்) போட்டுருங்க ப்ரோ. ஃப்ரெண்ட் ஒருத்தன் பண்ணுனான், 3 கிமீ ஏறுச்சு, பிக்கப்பும் செம


மேலூர் ரோடு ஷெட்:

தம்பி, வாரத்துக்கு ரெண்டு பேரு எங்கிட்ட இதக் கேட்டு வர்றாங்க, நான் செய்யறதில்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல அது நேராவே தப்பு, வாரண்டி அன்னைக்கே செத்துச்சு. அது போகட்டும். நீ எடுத்துப் போட்ட வடிகட்டில இருந்த கரி நாளைக்கு எங்க போகும்? சிக்னல்ல உன் சைலன்சருக்கு நேரா மூக்க வச்சு நிக்கிற ஸ்கூட்டிக்காரப் பிள்ளைக்கு. எனக்கு பதினஞ்சு வருசமா இந்தப் புகையில நின்னு இருமல் நிக்கல, அதனால சொல்றேன்.


திருமங்கலத்தான் மிச்சிகன்:

அமெரிக்காக் கணக்கு நான் சொல்றேன், மச்சினனக் காப்பாத்துறேன்.

40ங்குறது லிட்டருக்கு 40 கிலோமீட்டர் இல்லைங்க, கேலனுக்கு 40 மைல். இங்க ஒரு கேலன் 3.785 லிட்டர். பெருக்கி வகுத்தா லிட்டருக்கு 17 கிலோமீட்டர். உங்க 16க்கும் அவரு 40க்கும் நடுவுல ஒரு கிலோமீட்டர் தான் சண்டை! இதுல இன்னொரு கூத்து, பிரிட்டன்காரன் கேலன் 4.546 லிட்டர். அவன் 60 எம்பிஜின்னு (கேலனுக்கு மைல்) சொன்னா அது இங்க 50 எம்பிஜி, உங்களுக்கு 21. ஒரே வண்டியோட நம்பர அங்கயும் இங்கயும் எடுத்துப் போட்டு, ஐரோப்பா மாடல் 20 சதவீதம் கூடக் குடுக்குது, அமெரிக்காவுல சட்டத்தால கெட்டுப்போச்சுன்னு சண்டை போடுறவங்க இங்க எக்கச்சக்கம். பாதிப் பேருக்கு கேலன் ரெண்டு சைஸ்னே தெரியாது.

மீதிப் பாதி நெஜமான வித்தியாசம். நாகமலைக்காரர் சொன்னாருல்ல டீசலுக்கு சலுகைன்னு, இங்க அது கிடையாது. டயர் 2 (Tier 2, சக்கரத்து டயர் இல்ல)ன்னு ஒரு புகைச் சட்டம், 2004லருந்து படிப்படியா வந்து 2009ல முழுசா. பெட்ரோலோ டீசலோ ஒரே அளவு, அதுல பின் 5 (Bin 5)ங்குற வகுப்புக்கு நாக்ஸ் மைலுக்கு 0.07 கிராம், அதாவது கிலோமீட்டருக்கு 43 மில்லிகிராம் கிட்ட. ஐரோப்பாவுல 180 விட்டுட்டு இருந்த காலத்துல இங்க 43. அதே இஞ்சின இங்க கொண்டு வரணும்னா கூடுதலா எல்என்டியோ யூரியாவோ மாட்டித்தான் ஆகணும், விலையும் ஏறும், எல்என்டின்னா மைலேஜும் கொஞ்சம் இறங்கும். நிறைய கம்பெனி இந்தப் பக்கமே வரல.

வந்தவங்கள்ல ஃபோக்ஸ்வாகன் கதை ஊருக்கே தெரியும், 2015 செப்டம்பர்ல மாட்டுனாங்க. உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் கார் கிட்ட. டெஸ்ட்ல நிக்குறோம்னு கண்டுபுடிச்சா ஒழுங்கா ஓடும், ரோட்டுக்கு வந்தா சட்டத்த விட 40 மடங்கு வரைக்கும் நாக்ஸ். ஏன் செஞ்சாங்கங்குறது தான் உங்க கேள்விக்கு நேரான பதில். எல்என்டி வச்ச வண்டில அத ஒழுங்கா வேல செய்ய விட்டா டீசல் கூடக் குடிக்கும், டிபிஎஃப் சீக்கிரம் போகும். யூரியா வச்ச வண்டிலயும் ஏமாத்துனாங்க, அங்க எதுக்குன்னா யூரியா சர்வீஸ் வரைக்கும் தாங்கணும், நடுவுல கஸ்டமர் ஊத்துறாப்புல இருக்கக் கூடாதுன்னு. ஆக அந்த வண்டியோட பேரு வாங்குன மைலேஜ்ல ஒரு பங்கு, கட்டாம விட்ட பில்லு. மாட்டுன பெறகு அந்த வண்டிகளுக்குத் திருத்தம் போட்டப்ப கொஞ்சம் மைலேஜ் குறையும்னு அவங்களே ஓனருங்களுக்கு சொல்லித்தான் போட்டாங்க.

மச்சினன் வண்டி எந்த வருசம், திருத்தம் போட்டதான்னு கேளுங்க, நக்கல் குறையும்.


சிம்மக்கல் சிங்கம்:

"கட்டாம விட்ட பில்லு" 😂 இது எங்க மாமாவுக்கும் பொருந்தும்


நாகமலைக்காரன் (ஸ்டுட்கார்ட்):

மிச்சிகன்காரரோட ஒரு விசயத்துல ஒத்துக்க மாட்டேன். கறாரான சட்டம்னாலே கூடுதலா எதையாச்சும் மாட்டணும், மைலேஜ் போகும்ங்குறது இல்ல. ஜப்பானப் பாருங்க. 1999ல டோக்கியோ கவர்னர் இஷிஹாரா ஒரு பிளாஸ்டிக் பாட்டில்ல டீசல் கரிய அடைச்சு டிவில காட்டுனாரு, அதோட அந்த ஊர்ல டீசல் காருக்கு மானமே போச்சு. அந்த ஊர்லருந்தே மஸ்டா 2012ல ஒரு டீசல் கொண்டாந்துச்சு, ஸ்கைஆக்டிவ்-டி. டீசல்னா கம்ப்ரஷன் (காத்த எத்தன மடங்கு அமுக்குறதுங்குற கணக்கு) 16, 17ன்னு இருக்கும், இவங்க 14க்கு இறக்கிட்டாங்க. சூடு சீராப் பரவும், நாக்ஸ் குறைவு, அழுத்தம் குறைஞ்சதால இஞ்சின் பாகத்த எல்லாம் எடை குறைச்சு செய்யலாம், உராய்வும் மிச்சம். எல்என்டி, யூரியா ரெண்டும் இல்லாமயே ஐரோப்பாவுலயும் ஜப்பான்லயும் பாஸ். மைலேஜும் குடுத்துச்சு.


திருமங்கலத்தான் மிச்சிகன்:

ஐரோப்பா ஜப்பான் சரி. அதே மஸ்டா அமெரிக்காவுக்கு டீசல் கொண்டு வர்றோம் வர்றோம்னு சொல்லி எத்தன வருசம் இழுத்து, கடைசில 2019ல யூரியாவ மாட்டித்தான் கொண்டு வந்தாங்க, அதுவும் கொஞ்ச காலத்துல காணாமப் போச்சு. ஐரோப்பாவோட நாக்ஸ் 80க்கும் இங்கத்த 43க்கும் நடுவுல இருக்குற தூரம் அது. நான் சொன்னதுல தப்பில்ல 😊


நாகமலைக்காரன் (ஸ்டுட்கார்ட்):

அது சரி, ஒத்துக்குறேன். ஊருக்கு வந்தா ஜிகர்தண்டா என் செலவு.


அரசரடி கணக்குப்பிள்ளை:

எல்லாரும் இஞ்சினப் பத்தியே பேசுறீங்க, காசப் பத்தி நான் பேசுறேன். 2012ல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல வித்தியாசம் இருந்துச்சு, அப்ப கடைக்கு நடந்து போறவன் கூட டீசல் கார் வாங்கலாம். 2014 அக்டோபர்ல அரசாங்கம் டீசல் விலைக் கட்டுப்பாட்ட அவுத்து விட்டாங்க, இப்ப வித்தியாசம் எட்டு ரூபா சொச்சம். வில்லாபுரத்து அண்ணனுக்கு வருசத்துக்கு ஒரு 8000 கிமீ ஓடும்னு வைங்க. டீசல் 17 குடுத்தா 93 ரூபா கணக்குல 44 ஆயிரம் கிட்ட. அதே வண்டி பெட்ரோல் 13 குடுத்தா 101 ரூபா கணக்குல 62 ஆயிரம். மிச்சம் 18 ஆயிரம். வாங்கும்போது டீசலுக்கு கூடக் குடுத்தது ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல இருக்கும், அது திரும்ப வர ஏழு வருசம் ஆகும், அதுக்குள்ள சென்சார் ஒண்ணு போச்சுன்னா கணக்கு எட்டு ஒம்போதுன்னு இழுக்கும். அண்ணே மன்னிச்சுக்கங்க, வாங்குறதுக்கு முன்னாடி இங்க கேட்டுருக்கலாம்.


வில்லாபுரத்தான்:

கணக்குப்பிள்ளை தம்பி, வெந்த புண்ணுல வேல் பாச்சாதீங்க 🙏 வீட்டுல அவளும் இதேதான் சொன்னா, அப்ப கேக்கல.

மூணு வாரம் கழிச்சு வர்றேன், செஞ்சதச் சொல்றேன். டிப்ஸ்டிக் பாத்தேன், மேக்கோட்டுக்கு ஒரு நூல் மேல இருந்துச்சு, ஷெட் அண்ணன் சொன்னபடி ஆயில மாத்திட்டேன். டிஸ்ப்ளேவ நம்பாம டேங்க் ஃபுல்லு டு ஃபுல்லு போட்டேன், ஒரே பங்க் ஒரே பம்ப். ஊருக்குள்ளயும் வாரத்துக்கு ஒருக்கா ரிங் ரோடுமா 462 கிமீ, 28.2 லிட்டர், 16.4 வருது. ரெண்டு தடவ ரீஜென் நடக்கும்போது ஃபேன் சத்தத்த வச்சுக் கண்டுபுடிச்சு கடையத் தாண்டி நேரா ஓட்டிட்டே போயிட்டேன், கடைப் பையன் பயந்துட்டான். அப்பறம் ஒரு கல்யாணத்துக்கு திருச்சி போயிட்டு வந்தேன், 284 கிமீ, 13.5 லிட்டர். 21!! நாலு பேரு, ஏசி போட்டு. ஜெர்மனிக்காரனுக்கு போன் போட்டு சொல்லிட்டேன்.

இன்னொரு கூத்து. பழைய வண்டிக்கு நான் பங்க் பில்ல எல்லாம் ஒரு டைரில எழுதி வப்பேன், அத பரண்லருந்து எடுத்துப் பாத்தா ஊருக்குள்ள ஓட்டுன மாசமெல்லாம் 18, 18.5ன்னு தான் இருக்கு. 22 வந்தது சென்னை போயிட்டு வந்த மாசம் மட்டும். நான் இத்தன வருசமா ஊரெல்லாம் 22 22ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சுருக்கேன்.

மச்சினன் வண்டி 2012 மாடலாம், திருத்தம் போட்டுட்டானாம், இப்ப 38 தான் வருதாம். ஷெட் அண்ணே, யூரியா கேன் 20 லிட்டரா வாங்கி வீட்டுல வச்சா கெட்டுப் போகுமா? மொட்டை மாடில இடம் இருக்கு.


மேலூர் ரோடு ஷெட்:

மொட்டை மாடி வேணாம்ணே, மதுரை வெயிலுக்கு ஆறு மாசம் கூடத் தாங்காது. நெழல்ல, மூடி இறுக்கமா வச்சா ஒரு வருசம் இருக்கும். உங்க ஓட்டத்துக்கு 20 லிட்டர் எதுக்கு, 10 போதும். ஊத்தும்போது டீசல் மூடிக்குள்ள ஊத்திறாதீங்க, யூரியாவுக்கு நீல மூடி.